தொலேதோவில் ஒரு பகல்

மத்ரீதில் நான்கைந்து நாள் தங்குகிறவர்களில் பலரும் ஒரு பகலைத் தொலேதோவுக்கென்று ஒதுக்கிவிடுகிறார்கள். தெற்கே சுமார் 70 கிலோமீட்டர் தொலைவு. விரைவு ரயிலில் அரைமணி நேரம். பேருந்தில் ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். காலையில் அழைத்துச் சென்று மாலையில் அதே இடத்தில் இறக்கிவிடும் வழிகாட்டிச் சுற்றுலாக்கள் நாள்தோறும் உண்டு. நாங்கள் நால்வரும் அப்படியொன்றில்தான் சென்றோம். புத்தகம் படிக்கிறவர்களுக்குக் கூட்டுச் சுற்றுலா என்றால் ஓர் இளக்காரம் உண்டு. ஒருவர் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னே செல்ல, முப்பது பேர் பின்னே ஓடுவதில் என்ன கண்டுவிட முடியும் என்று கேட்பார்கள். காண முடியும் என்பதே எங்கள் அனுபவம்.

ஊர்ப்பெயரைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தின் வழியாக 'டொலேடோ' என்று எழுதிப் பழகியிருக்கிறோம். அவ்வூரார் நாவில் அது 'தொலேதோ'. சொல்லின் நடுவே வரும் தகரத்தை நாம் மென்மையாக ஒலிப்பது போலவே அவர்களும் ஒலிக்கிறார்கள். தமிழ் எழுத்துக்குத் தானாகக் கைவரும் ஒலியை ஆங்கிலத்துக்காக விட்டுக்கொடுப்பானேன்? அவ்வாறே, ஊரைச் சுற்றி ஓடும் ஆற்றைத் தாஹோ என்றே எழுதுகிறோம்.

முதலில் ஆற்றின் தென்கரை மேட்டில் பேருந்தை நிறுத்தினார்கள். எதிரே மலைமேல் முழு ஊரும் தெரிந்தது. தாஹோ ஆறு மூன்று பக்கமும் வளைந்து ஓடுகிறது. ஆழமான பள்ளத்தாக்கே அகழி. இடப்பக்கம் பேராலயத்தின் கோபுரம். வலப்பக்கம் சதுரமான அல்காசர் கோட்டை. எங்கள் வழிகாட்டி நடுவயதுப் பெண்மணி, வரலாறு படித்தவர். "மூன்று பண்பாடுகளின் நகரம் உங்களை வரவேற்கிறது" என்று தொடங்கினார். கிறித்தவர், இஸ்லாமியர், யூதர் ஆகிய மூவரும் ஒன்றாய் வாழ்ந்த ஊர் என்பது அதன் பொருள். விளம்பரத் தாள்களிலும் கடைப் பைகளிலும் அதே வாசகம் இருந்தது.

ரோமானியர் ஆண்ட ஊர். 6ஆம் நூற்றாண்டில் விசிகோத்தியரின் தலைநகர். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இஸ்லாமியர் ஆட்சிக்கு வந்தது. 1085இல் காஸ்திலிய மன்னர் ஆறாம் அல்ஃபோன்சோ கைக்கொண்டார். 1561இல் இரண்டாம் பிலிப் தம் அரசவையை மத்ரீதுக்கு மாற்றிக்கொள்ள, ஊர் அப்படியே நின்றுவிட்டது. அந்தத் தேக்கமே ஊரைக் காப்பாற்றியும் இருக்கிறது. 1986இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளைப் பத்து நிமிடத்தில் கேட்டு முடித்தபின், கறுத்த எஃகில் பொன்னிழை பதிக்கும் பட்டறைக்கு அழைத்துச் சென்றார்கள். பட்டறையைப் பார்க்க ஐந்து நிமிடம், அதையொட்டிய கடையில் முப்பத்தைந்து நிமிடம். இது எல்லா நாட்டுச் சுற்றுலாவுக்கும் பொதுவான விதி என்பதால் நாங்கள் முணுமுணுக்கவில்லை. எங்களில் ஒருவர் ஒரு காகிதம் வெட்டும் கத்தியும் வாங்கினார்.

பேராலயம் மிகப் பெரியது. 1226இல் தொடங்கி 1493இல் கட்டி முடித்தார்கள். அதன் திருப்பண்ட அறையில் எல் கிரேக்கோவின் ஓவியமொன்று இருக்கிறது. கிறிஸ்துவின் ஆடையைக் களையும் காட்சி. அந்தச் செந்நிற அங்கியின் முன் நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது குடை நகர்ந்துவிட்டது. வெளியே வந்தபின் வழிகாட்டி சொன்னார்: "இவ்விடத்தில் முன்பு நகரின் பெரிய பள்ளிவாசல் இருந்தது. அது பேராலயமாக மாற்றப்பட்டது."

அன்று முழுவதும் அந்த வினைச்சொல்லை நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம். பள்ளிவாசல் மாற்றப்பட்டது, ஜெப ஆலயம் மாற்றப்பட்டது. தமிழ் இலக்கணத்தில் செயப்பாட்டுவினை என்பார்கள். அதில் ஒரு வசதி உண்டு: செய்தவரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். யார் மாற்றினார், அங்கே தொழுதுகொண்டிருந்தவர்கள் மறுநாள் எங்கே சென்றார்கள் என்பவை வாக்கியத்துக்கு வெளியே நின்றுவிடும். எங்களில் ஒருவர் அதைக் கேட்டார். வழிகாட்டி தயங்கவில்லை. நகரம் பணிந்தபோது பெரிய பள்ளிவாசல் இஸ்லாமியரிடமே இருக்கும் என்று மன்னர் வாக்களித்ததாகவும், அவர் ஊரில் இல்லாத சமயம் அரசியும் ஆயரும் அதைக் கைப்பற்றச் செய்ததாகவும் பழைய நூல்கள் கூறுவதைச் சொன்னார். "யாராவது கேட்டால் சொல்வேன், கேட்கிறவர்கள் குறைவு" என்று சேர்த்துக்கொண்டார்.

அவ்வாறானால் ஒன்றாய் வாழ்ந்த கதை வெறும் விளம்பரமா? இல்லை. 12ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதிலுமிருந்து கற்றவர்கள் இவ்வூருக்கு வந்தார்கள். அரபு மொழியில் இருந்த வானியல், மருத்துவம், கணிதம், தத்துவ நூல்களை லத்தீனில் பெயர்ப்பதே நோக்கம். இத்தாலியின் கிரெமோனா ஊரைச் சேர்ந்த ஜெரார்து, தாலமியின் வானியல் நூலைத் தேடி வந்து, எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களைப் பெயர்த்துவிட்டு 1187இல் இறந்தார். அவர்கள் வேலை செய்த முறைகளில் ஒன்று வியப்பானது. அரபு அறிந்த யூதரோ, அரபு பேசும் கிறித்தவரோ மூலநூலைப் படித்து ஊர்ப்பேச்சு மொழியில் வாய்விட்டுச் சொல்வார். அருகிலிருப்பவர் அதைக் கேட்டு லத்தீனில் எழுதுவார். ஒரே மேசையில் இரண்டு பேர், மூன்று மொழி. இந்தியருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. இவ்வூரில் காஜியாக இருந்த சாயித் அல் அந்தலூசி 1068இல் எழுதிய நூல், அறிவியலை வளர்த்த இனங்களை வரிசைப்படுத்தி, இந்தியரை முதலில் வைக்கிறது. இங்கே பிறந்த பத்தாம் அல்ஃபோன்சோ இளவரசராய் இருந்தபோது, 1251இல், அரபியிலிருந்து காஸ்திலிய மொழிக்கு வந்த 'கலீலா, திம்னா' கதைகள் நம் பஞ்சதந்திரமே.

"அந்த மொழிபெயர்ப்பாளர் பள்ளியைக் காட்டுவீர்களா?" என்று கேட்டோம். வழிகாட்டி சிரித்தார். "பள்ளி என்ற பெயர் பிற்காலத்தார் இட்டது. காட்டுவதற்குக் கட்டடம் கிடையாது." சுற்றுலா கட்டடம் விட்டுக் கட்டடம் செல்வது. ஊரின் ஆகச் சிறந்த காரியத்துக்குக் கட்டடம் இல்லாததால் அது அன்றைய நிரலில் இடம்பெறவில்லை.

சாந்தோ தோமே தேவாலயத்தில், எல் கிரேக்கோ 1586 முதல் 1588 வரை வரைந்த ஓர்காஸ் பிரபுவின் நல்லடக்க ஓவியத்துக்குப் பத்து நிமிடம் தந்தார்கள். அதன் பின்னே ஒரு வழக்கு இருக்கிறது. 1323இல் இறந்த அந்தப் பிரபு, ஓர்காஸ் ஊரார் ஆண்டுதோறும் ஆடு, கோழி, மது, விறகு, காசு ஆகியவற்றை இத்தேவாலயத்துக்குத் தர வேண்டும் என்று எழுதிவைத்தார். இரு நூற்றாண்டுகளுக்குப்பின் ஊரார் நிறுத்திக்கொண்டனர். பங்குத்தந்தை வழக்காடி வென்றார். பிரபுவின் நினைவை நிலைநாட்ட இவ்வோவியத்தை வரையச் செய்தார். கீழே, முன்னால் நிற்கும் சிறுவன் ஓவியரின் மகன். அவன் சட்டைப்பையிலிருந்து எட்டிப்பார்க்கும் கைக்குட்டையில் அவன் பிறந்த ஆண்டான 1578உம் ஓவியரின் கையொப்பமும் உள்ளன. கையொப்பம் கிரேக்க எழுத்தில். கிரீத் தீவில் பிறந்து, 1577இல் இவ்வூருக்கு வந்து, 1614இல் இங்கேயே இறந்த அவரை ஊர் 'கிரேக்கர்' என்றே அழைத்தது. அவரும் தம் பெயரைப் பிறந்த மண்ணின் எழுத்திலேயே எழுதிக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து யூதர் வாழ்ந்த பகுதிக்கு நடந்தோம். சாந்த்தா மரியா லா பிளாங்கா இஸ்லாமியக் கட்டடக்கலை மரபில், கிறித்தவ மன்னரின் ஆட்சியில், யூதர் தொழுவதற்காக எழுந்தது. வெண்மையான எண்கோணத் தூண்கள், குதிரை லாட வளைவுகள். மூன்று பண்பாடு என்ற சொல்லுக்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆனால் 1391இல் யூதர்மீது நடந்த தாக்குதல் தொலேதோவையும் விடவில்லை. அடுத்த நூற்றாண்டில் இந்த ஜெப ஆலயம் தேவாலயமாயிற்று. 1492 மார்ச் 31 அன்று கையெழுத்தான ஆணை, மதம் மாறாத யூதர் நான்கு மாதத்துக்குள் நாட்டைவிட்டு நீங்க வேண்டும் என்றது.

அடுத்தது எல் திரான்சிதோ. மன்னர் பேத்ரோவின் கருவூலத் தலைவரான சாமுவேல் ஹ லேவி 1357ஐ ஒட்டிக் கட்டிய ஜெப ஆலயம். சில ஆண்டுகளில் அதே மன்னர் அவரைச் சித்திரவதை செய்து கொன்றார். இப்போது அது செபார்தி யூதர்களின் அருங்காட்சியகம். சுவரின் உயரத்தில் சுண்ணச் சாந்தில் எபிரேய எழுத்துகள் ஊரைக் காவல் காப்பது போல் வரிசையாக ஓடுகின்றன. இடையிடையே அரபு எழுத்துகளும் உண்டு.

எங்கள் குழுவில் துருக்கியின் இஸ்மிரிலிருந்து பேத்தியுடன் ஒரு மூதாட்டி வந்திருந்தார். காலைமுதல் அவர் பேசி நாங்கள் கேட்கவில்லை. அங்கே அண்ணாந்து பார்த்தபடி வழிகாட்டியிடம் ஏதோ சொன்னார். வழிகாட்டி சட்டென்று திரும்பினார். கண் என்பதற்கு இன்றைய ஸ்பானியர் சொல்லும் சொல் 'ஓஹோ'. மூதாட்டி 'ஓஜோ' என்றிருக்கிறார். ஸ்பெயினில் அந்த ஒலி மாறி நூற்றாண்டுகள் ஆகின்றன. 1492இல் துரத்தப்பட்டவர்கள் துருக்கிய சுல்தானின் நாட்டுக்குக் கொண்டுபோன ஸ்பானியத்தில் அது பழைய பதத்திலேயே தங்கிவிட்டது. லடீனோ என்று அதைச் சொல்வார்கள். தம் கண்ணுக்கு மேலேயுள்ள எழுத்து எட்டவில்லை, படித்துக் காட்ட முடியுமா என்று அவர் கேட்டாராம். வழிகாட்டிக்குக் கண் தெளிவு, எபிரேயம் தெரியாது.

எங்களில் ஒருவரிடம் தொலைவைக் கிட்டத்தில் காட்டும் நல்ல கேமரா இருந்தது. மேல் வரியைப் படமெடுத்து, பெரிதாக்கி, மூதாட்டியிடம் நீட்டினார். அவர் விரலால் தொட்டு எழுத்துக் கூட்டினார். சிறுமியாய் இருந்தபோது பாட்டனார் கற்றுக்கொடுத்ததாம். ஒரு சொல்லில் விரல் நின்றது. "பயித்" என்றார். பிறகு தம் மொழியில் "காசா" என்றார். வழிகாட்டி எங்களுக்காக "ஹவுஸ்" என்றார். நாங்கள் எங்களுக்குள் "வீடு" என்று சொல்லிக்கொண்டோம். அவை சங்கீதங்களின் வரிகள் என்று வழிகாட்டி விளக்கினார். இன்னும் நாலைந்து சொற்கள் இவ்வாறே கைமாறின. குடை அன்று முதன்முறையாக அசையாமல் இருந்தது. காட்ட இயலாது என்று சொன்ன பள்ளி எப்படி நடந்திருக்கும் என்பது எங்களுக்கு அப்போது புரிந்தது.

2015இல் ஸ்பெயின் ஒரு சட்டம் இயற்றி, வெளியேற்றப்பட்ட யூதர்களின் வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை அளிக்க முன்வந்தது. விண்ணப்பிக்கும் காலம் 2019இல் முடிந்தது. நடந்து வரும்போது வழிகாட்டி அதைப் பற்றிக் கேட்டார். மூதாட்டி விண்ணப்பிக்கவில்லை, பேரன் முயன்றானாம். விதிகளில் ஒன்று ஸ்பானிய மொழித் தேர்வு. "என் வீட்டில் ஐந்நூறு ஆண்டாகப் பேசுவதை அவன் வகுப்பில் சேர்ந்து படித்தான்" என்று சொல்லி அவர் சிரித்தார். வழிகாட்டி சிரிக்கவில்லை.

திரும்புமுன் ஒரு மணி நேரம் ஓய்வு தந்தார்கள். பலரும் பாதாம் இனிப்பு வாங்கச் சென்றனர். நாங்கள் நிரலில் இல்லாத ஒரு சிறிய பள்ளிவாசலுக்குப் போனோம். இன்று அதன் பெயர் கிறிஸ்தோ தே லா லூஸ்; அதுவும் பின்னாளில் தேவாலயமாக மாற்றப்பட்டதே. ஒன்பது சிறு குவிமாடங்கள், ஒன்றைப் போல் ஒன்றில்லை. முகப்பில் செங்கல்லையே எழுத்தாக அடுக்கி ஓர் அரபுக் கல்வெட்டு அமைத்திருக்கிறார்கள். ஹிஜ்ரி 390, அதாவது கி.பி. 999ஐ ஒட்டிய ஆண்டு. கட்டுவித்தவர் அகமது இப்ன் ஹதீதி, கட்டியவர் மூசா இப்ன் அலி என்று அது சொல்கிறது. ஆயிரம் ஆண்டுகளாக வெயிலில் நிற்கும் அந்த வாக்கியத்தில் செய்தவர் இருக்கிறார்.

தொலேதோ செல்லும் நண்பர்கள் வழிகாட்டியோடு செல்லத் தயங்க வேண்டாம். 'மாற்றப்பட்டது' என்று சொல்லும் இடத்தில் யார் என்று கேளுங்கள். எங்கள் வழிகாட்டி அதற்காகவே காத்திருந்தவர் போலப் பதில் சொன்னார்.