பதினைந்து நாளில் ஒரு ஆல்பம்

வெவ்வேறு பேண்டுகளில் வாசிக்கும் நாலு பேர் முதன்முதலாக ஒரு ரிகர்சல் அறையில் கூடினால், வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும். கனமான ராக் வாசிப்பவர் வந்ததும் தடித்த ஆறாம் கம்பியை ‘டி’க்கு இறக்குவார். மெல்லிசைக் குழுவில் பழகியவர் பல்லவி முடிந்த இடத்தில் யாரும் கேட்காமலே ஒரு பிட் போடுவார். டிரம்மர் குச்சியைத் தட்டி எண்ணும்போதே அவருடைய பேண்டின் வேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இருபது வருடமாக கிட்டார் வாசிக்கிறேன். சைடு பேண்டு என்று நாலைந்து முறை சேர்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பாதிக் காலம் இந்தப் பழக்கத்திலிருந்து கையைப் பிரித்தெடுப்பதிலேயே போனது.

அதனால்தான் டெம்பிள் ஆஃப் தி டாக் என்ற சைடு பேண்டின் ஆல்பத்தை இன்றும் ஒரு பாடம்போலக் கேட்கிறேன்.

சியாட்டிலில் மதர் லவ் போன் என்ற பேண்டின் பாடகர் ஆண்ட்ரூ வுட் 1990 மார்ச் 19 அன்று, ஹெராயின் அளவு மீறியதால், 24 வயதில் இறந்தார். அவர்களுடைய முதல் முழு ஆல்பம் அப்போது வெளிவரவில்லை. சவுண்ட்கார்டன் பேண்டின் பாடகர் கிறிஸ் கார்னெல் அவரோடு ஒரே வீட்டில் குடியிருந்தவர். நண்பனை நினைத்து அவர் எழுதிய இரண்டு பாட்டுகள், ‘சே ஹலோ டு ஹெவன்’, ‘ரீச் டவுன்’. இரண்டும் சவுண்ட்கார்டன் வாசிக்கும் வகைப் பாட்டுகள் அல்ல. ஆகவே வுட்டோடு வாசித்த ஸ்டோன் கோசார்ட், ஜெஃப் அமென்ட் இருவரிடமும் கொண்டுபோனார். டிரம்ஸுக்கு சவுண்ட்கார்டனின் மேட் கேமரன். லீட் கிட்டாருக்கு மைக் மெக்ரெடி. ஒரு சிங்கிள் போடலாம் என்று ஆரம்பித்தது பத்துப் பாட்டாக வளர்ந்தது. அந்த வருடம் நவம்பர், டிசம்பரில் லண்டன் பிரிட்ஜ் ஸ்டுடியோவில், ரிக் பராஷரோடு சேர்ந்து, பதினைந்தே நாளில் பதிவை முடித்தார்கள்.

பதினைந்து நாள் என்பது எவ்வளவு குறைவு என்று ஸ்டுடியோவில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். டிரம்ஸுக்கு மைக் வைத்துச் சத்தம் சரிசெய்யவே ஒரு முழு நாள் போய்விடும். ஆனால் நாள் குறைவாக இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. எதையும் பத்து முறை யோசித்து மெருகேற்ற நேரம் கிடைக்காது. முதலில் வந்ததை நம்பத்தான் வேண்டும். நல்ல வாசிப்பாளர்களிடம் முதலில் வருவதே பெரும்பாலும் சரியாக இருக்கும்.

கேமரனின் வாசிப்பைக் கேளுங்கள். அடுத்த வருடம் சவுண்ட்கார்டனின் ‘அவுட்ஷைண்ட்’ பாட்டில் ஏழு எண்ணிக்கையை அசராமல் ஓட்டியவர் அவர். இந்த ஆல்பத்தில் கணக்குக் காட்டுவதே இல்லை. அடிக்கும் அடிக்கும் நடுவில் காற்றுப் போக விடுகிறார். தெரிந்த வித்தையை வெளியே எடுக்காமல் வைத்திருப்பதற்கு, அந்த வித்தையைக் கற்ற அளவுக்கே உழைப்பு வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

‘ரீச் டவுன்’ பதினோரு நிமிடத்துக்கும் சற்று மேல். நடுவில் மெக்ரெடியின் நீண்ட சோலோ. வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஹெட்போன் கழன்று விழுந்துவிட்டது, அதன் பிறகும் நிறுத்தாமல் வாசித்தேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்போது அவர் பெயர் பெற்ற வாசிப்பாளர் அல்ல. பெரிய பாடகர் ஒருவர் தன் துக்கப் பாட்டின் நடுப்பகுதியை அப்படி ஒரு புது ஆளிடம் கொடுத்து, நீளமாகவே வாசி என்று ஒதுங்கி நின்றிருக்கிறார். சொந்த பேண்டில் இது சுலபமில்லை. அங்கே ஒவ்வொருவருக்கும் இத்தனை நொடி என்று யாரும் எழுதிவைக்காத பாகப்பிரிவினை ஒன்று இருக்கும்.

எனக்கு மிகவும் நெருக்கமானது ‘ஹங்கர் ஸ்டிரைக்’. கார்னெலிடம் அந்தப் பாட்டுக்கு ஒரே ஒரு சரணம்தான் இருந்தது. ஆல்பத்தில் இடம் நிரப்பத்தான் அது உதவும் என்று எண்ணியிருந்தார். ரிகர்சலில் மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயி இரண்டையும் தானே பாடிப் பார்த்தார். கீழே இறங்கும் இடம் அவருக்குச் சிரமப்பட்டது. சான் டியேகோவிலிருந்து வந்திருந்த எடி வெடர், கோசார்டும் அமென்ட்டும் தொடங்கவிருந்த இன்னொரு பேண்டின் ரிகர்சலுக்காக அங்கே காத்திருந்தார். எழுந்து வந்து மைக் முன்னால் நின்று அந்தக் கீழ்ப் பகுதியைப் பாடினார். கார்னெல் அதைக் கேட்டதும் பாட்டு எப்படி இருக்கவேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். இரண்டாவது சரணம் எழுதவில்லை. ஒரே சரணத்தை இருவரும் ஆளுக்கு ஒருமுறை பாடினார்கள்.

அதே சொல், அதே மெட்டு. குரல் மாறியதும் பொருளே வேறாகிவிடுகிறது. பாட்டில் ஏதோ குறைகிறது என்று தோன்றினால் நாங்கள் உடனே ஒரு கீபோர்டு, ஒரு கோரஸ், இன்னொரு கிட்டார் என்று அடுக்குவோம். குறைந்தது வரியோ வாத்தியமோ அல்ல, இன்னொரு மனிதக் குரல்தான் என்று அந்த அறையில் கண்டுகொண்டார்கள். கார்னெலைப்போன்ற குரல் உள்ளவர் அதற்கு இடம் விட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் மரியாதை கூடுகிறது.

ஆல்பம் 1991 ஏப்ரலில் வந்தபோது பெரிதாக விற்கவில்லை. பேண்டும் கலைந்துவிட்டது. கோசார்ட், அமென்ட், மெக்ரெடி, வெடர் நால்வரும் பேர்ல் ஜாமாக ஆகஸ்டில் ‘டென்’ வெளியிட்டார்கள். சவுண்ட்கார்டனும் அந்த இலையுதிர்காலத்தில் பெரிய பெயர் எடுத்தது. அதன் பிறகு, 1992இல், ஜனங்கள் திரும்பிப்போய் இந்த ஆல்பத்தை வாங்கினார்கள். வெடர் இல்லாமல் மற்றவர்கள் 2016 நவம்பரில் சில ஊர்களில் மேடையேறினார்கள். அடுத்த மே மாதம் கார்னெலும் போய்விட்டார்.

அப்படி நாங்கள் சேர்ந்த ஒரு சைடு பேண்டுக்குப் பெயர்கூட நிலைக்கவில்லை. மூன்று குழுக்களிலிருந்து ஐந்து பேர், பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள், மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்த ஜாம் ரூம், இரண்டு மேடை. நான்காவது வாரம் பாடகி செல்போனில் ரிகர்சலைப் பதிவு செய்து எல்லாருக்கும் அனுப்பினார். இரவில் கேட்டேன். அவர் பாடும் ஒவ்வொரு வரியின் கீழும் என் கிட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. என் வழக்கமான பேண்டில் கிட்டார் நான் ஒருவன்தான். அங்கே நான் நிறுத்தினால் பாட்டு ஓட்டையாகிவிடும். அந்தப் பயத்தை இங்கேயும் தூக்கி வந்து அவர் குரலை மூடிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பதிவை மட்டும் அனுப்பினார்.

அடுத்த ஞாயிறு எங்கள் பாட்டு ஒன்றின் சரணத்தில் எட்டு பார் கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டேன். முதல் இரண்டு பார் தாங்க முடியவில்லை. மூன்றாவதில் அவர் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. ஐந்தாவதில் பேஸ் வாசிப்பவர், இத்தனை வாரமாக என் காதில் விழாத ஒரு சின்ன நடையைச் சேர்த்தார்.

அந்த ஆல்பத்தில் ‘டைம்ஸ் ஆஃப் டிரபிள்’ என்று ஒரு பாட்டு. கோசார்டின் இசைக்கு கார்னெல் சொல் எழுதியது. அதே இசைக்கு வெடர் வேறு சொல் எழுதினார், அது பேர்ல் ஜாமின் ‘ஃபுட்ஸ்டெப்ஸ்’. எங்களுடைய அந்தப் பாட்டையும் பாடகி தன் பழைய பேண்டுக்கு எடுத்துப்போனார், எங்களிடம் கேட்டுக்கொண்டுதான். இப்போது சொல் வேறு, சுருதி அரை படி கீழே, கிட்டார் வாசிப்பவரும் வேறு ஆள். போன மாதம் அவர்கள் மேடையில் அதை வாசித்தபோது பின்வரிசையில் நின்று கேட்டேன். சரணம் வந்ததும் அந்தப் பையன் கையை எடுத்தான். எட்டு பார், அப்படியே காலியாக இருந்தது.