முயல் பிடிப்பவரின் நாய்

இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக்கும் சஃபோக்கும் சேரும் இடத்தில் பிரெக்லாந்து என்றொரு மணற்பூமி இருக்கிறது. மழை குறைவு, மண் இளக்கம். முயல் வளை தோண்டுவதற்கென்றே அமைந்த நிலம். நார்மானியர் காலத்தில் இந்நாட்டில் முயலைப் பண்ணை வைத்து வளர்த்தார்கள். அதன் இறைச்சியும் தோலும் செல்வமாகக் கருதப்பட்டன. முயல்களைத் திருடரிடமிருந்து காக்கும் காவலாளிக்காக 1400 வாக்கில் கட்டிய கல்வீடு ஒன்று தெட்ஃபோர்டு காட்டில் இன்னும் நிற்கிறது. காலப்போக்கில் முயல்கள் பண்ணையை விட்டு வயலுக்குள் புகுந்தன. இன்று தன் நிலத்து முயல்கள் கேடு செய்யாமல் பார்த்துக்கொள்வது, 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலத்துக்காரரின் பொறுப்பு.

அந்தப் பொறுப்பைக் கூலிக்கு ஏற்றுச் செய்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அப்படி ஒருவருடன் குளிர்காலக் காலையொன்றில் கோதுமை வயலோரம் நடந்தேன். அறுபதைத் தாண்டியவர், தந்தை வழியில் இந்தத் தொழிலுக்கு வந்தவர். கூடவே அவருடைய அக்காள் மகளும் வந்தார். தொழில் கற்றுக்கொண்டிருக்கிறார், தனக்கென ஒரு நாய்க்குட்டி தேடிக்கொண்டிருக்கிறார். பெயரையும் ஊரையும் எழுத வேண்டாம் என்று இருவருமே கேட்டுக்கொண்டார்கள். நல்ல லர்ச்சர் நாய் எந்த வீட்டில் இருக்கிறதென்று தெரிந்தால், இரவோடு இரவாகத் தூக்கிப்போகிறவர்கள் இங்கே உண்டு.

வேட்டை நாயோடு வேறு வகை நாயைக் கலந்து பெற்ற நாய்தான் லர்ச்சர். வேட்டை நாய் என்றால் நம் கன்னி, சிப்பிப்பாறை வகையைப் போலக் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிப்பது. இங்கே பெரும்பாலும் கிரேஹவுண்ட். மறுபாதி டெரியராக இருக்கலாம், ஆடு மேய்க்கும் நாயாக இருக்கலாம். பெரியவர் தன் தொழிலுக்குக் கோலியைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை. கோலி ஆடு மேய்க்கும் நாய்.

காற்று எதிரே வரும்படி உயிர்வேலியை நெருங்கினோம். பேச்சு நின்றது. நிலத்தில் அதிர்வு கேட்டால் முயல் வெளியே வராது. நாய்தான் முன்னே போனது. சாம்பல் நிறத்தில் சொரசொரப்பான மயிர், தோளுயரம் இரண்டடிக்குச் சற்று மேல். பெட்டை. ஒவ்வொரு வளையின் வாயிலும் மூக்கை வைத்து நகர்ந்தது. நாலைந்தைத் தாண்டிப் போய் ஒன்றின் முன்னால் நின்றது. ஒரு முன்னங்கால் பாதி தூக்கியபடி, கண் இமைக்காமல் நின்றது. பெரியவர் என் பக்கம் திரும்பித் தலையசைத்தார். உள்ளே முயல் இருக்கிறது.

இந்த நிற்றல்தான் அவருக்குச் சோறு போடுகிறது. ஒரு வளைக்கூட்டத்துக்குப் பத்து இருபது வாய்கள் இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் வலை விரித்து முளை அடிக்க வேண்டும். இழுத்தால் வாய் சுருங்கிக்கொள்ளும் சிறு வலை அது. பிறகு ஃபெரட்டை உள்ளே விட வேண்டும். ஃபெரட் வளைக்குள் நுழையும் அளவுக்கு ஒல்லியான, ஊன் தின்னும் வளர்ப்பு விலங்கு. அதன் கழுத்தில் சிறு ஒலிபரப்பி கட்டியிருக்கிறார்கள். அது எத்தனை ஆழத்தில் நிற்கிறதென்று மேலே உள்ளவர் கையிலிருக்கும் கருவி சொல்லும். எங்காவது தங்கிவிட்டால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். முயல் இல்லாத வளையில் நாய் பொய்யாக நின்றால் இத்தனை வேலையும் வீண். இருக்கும் வளையைத் தாண்டிப் போனாலோ, அடுத்த மாதம் விவசாயி தொலைபேசியில் கூப்பிட்டு, காசு எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்பார்.

மருமகள் சத்தமில்லாமல் வலை விரித்தார். நாய் சொல்லாமலே ஓரமாய்ப் படுத்தது. ஃபெரட் உள்ளே போய்ச் சற்று நேரத்தில் நிலத்தடியில் தட்தட்டென்று ஓசை கேட்டது. முதல் முயல் வலையில் வந்து சுருண்டது. அடுத்தது முள்ளுக்குள் யாரும் பார்க்காத ஒரு வாய் வழியாகப் பாய்ந்து வயலுக்குள் ஓடியது. நாய் எழுந்ததை நான் பார்க்கவில்லை, ஓடுவதைத்தான் பார்த்தேன். முயல் இடப்பக்கம் வெட்டியது. நாய் பின்னாலேயே போகாமல் அது திரும்ப வேண்டிய இடத்துக்குக் குறுக்கே போனது. மறு வேலியை எட்டுமுன் பிடித்து, உயிரோடு, தோல் கிழியாமல், பெரியவர் கையில் கொண்டுவந்து கொடுத்தது. அவர் நொடியில் கழுத்தை முறித்தார். முயல் வதைபடக் கூடாது என்பதில் அவருக்குச் சமரசமே இல்லை. நாயின் வாய் மென்மையாக இருக்க வேண்டும் என்பதற்கும் அதுதான் காரணம். கசங்கிய இறைச்சியைக் கடைக்காரர் வாங்க மாட்டார் என்பது இரண்டாவது காரணம்.

கலப்பின் நியாயம் அந்தக் குறுக்கு ஓட்டத்தில் தெரிந்தது. கிரேஹவுண்ட் மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஆனால் முயல் தன் வளையை விட்டு வெகுதூரம் மேயப் போவதில்லை. கிரேஹவுண்ட் முழு வேகத்தை எட்டுவதற்குள் முயல் மண்ணுக்குள் போய்விடும். அதோடு கிரேஹவுண்டின் தோல் மெல்லியது, முள்கம்பியில் பட்டால் நீளமாகக் கிழியும். இந்த மண்ணில் சிக்கிமுக்கிக் கல் நிறைய; அதில் ஓடினால் பாதம் அறுபடும். நாள் முழுதும் ஈரத்தில் நிற்க அதற்கு மயிரும் கொழுப்பும் போதாது. கோலிக்கு இந்தக் குறைகள் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, மனிதன் என்ன நினைக்கிறான் என்று திரும்பிப் பார்க்கும் குணம் உண்டு.

நாய்களின் மூதாதையான ஓநாயின் வேட்டை ஒரு சங்கிலி: தேடும், உற்று நோக்கும், பதுங்கும், துரத்தும், பற்றும், கொல்லும். மேய்ப்பர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் கோலியிடம் முன்பாதி வலுத்தது, பற்றுவதும் கொல்வதும் அடங்கின. இல்லையென்றால் ஆடு மிஞ்சுமா? கிரேஹவுண்டிடம் துரத்துவதும் பற்றுவதும் ஓங்கின. இரண்டையும் சேர்த்தால் சங்கிலி முழுதாகக் கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. எல்லாக் குட்டியிடமும் கிடைப்பதில்லை. முயலைத் துரத்திப் போய்ப் பிடிக்காமல், ஆட்டைப் போல வளைத்துச் சுற்றி வந்து நிற்கும் கோலிக் கலப்பு நாய்களைப் பெரியவர் கண்டிருக்கிறார். இன்னும் சில, புத்தி அதிகமாகி, முழு ஓட்டம் ஓடாமல் முயல் தானாகத் திரும்பி வரட்டுமென்று காத்திருக்குமாம்.

பாதிக்குப் பாதி போதுமா, இன்னொரு முறை கிரேஹவுண்டோடு சேர்த்து முக்கால் பங்கு ஆக்கலாமா என்பது இவர்களுக்குள் தீராத வாதம். இரவில் விளக்கடித்துத் திறந்த புல்வெளியில் ஓடவிட முக்கால் பங்கு நல்லது. வேலியும் முள்ளும் ஃபெரட்டுமாக வேலை செய்ய முதல் கலப்பே போதும் என்பது பெரியவர் முடிவு. பார்த்த வரையில் எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. முதல் கலப்புக் குட்டிகள் ஏறக்குறைய ஒன்றுபோல் அமையும். அவற்றையே ஒன்றோடொன்று சேர்த்தால் அடுத்த ஈத்தில் ஒன்று கோலியாகவும் ஒன்று கிரேஹவுண்டாகவும் சிதறும். இதனால்தான் லர்ச்சர் ஓர் இனமாக நிலைக்கவில்லை. நாய் இனங்களைப் பதிவுசெய்யும் கென்னல் கிளப் அதை இனமாக ஏற்பதும் இல்லை. வேலை தெரிந்தவர்கள் ஒவ்வொரு தலைமுறையும் அதைப் புதிதாகச் செய்துகொள்கிறார்கள்.

மதியத்துக்கு மேல் குட்டி பார்க்கப் போனோம். தாய் கிரேஹவுண்ட், தந்தை பார்டர் கோலி. வழக்கம் அதுதான். கிரேஹவுண்ட் பெட்டை பெரிய உடம்பு, நிறையக் குட்டி போடும். விற்பவர் முதலில் தூக்கிக் காட்டியது நீலச்சாம்பலில் கருந்திட்டு விழுந்த மெர்ல் நிறக் குட்டியை. விலையும் அதற்குத்தான் கூடுதல். மருமகள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தந்தை நாயைக் கேட்டார். மெர்லுக்கு மெர்ல் சேர்த்தால் செவிடும் குருடுமாகக் குட்டிகள் பிறக்கலாம். நிறத்துக்காக வளர்ப்பவர்களிடம் அந்த ஆபத்து அதிகம். பிறகு மரபணுச் சோதனை உண்டா என்று கேட்டார். கோலி வழியில் ஒரு மரபுக் குறை வருவதுண்டு. அது உள்ள நாய்க்கு ஐவர்மெக்டின் போன்ற மருந்தைக் கூடுதல் அளவில் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஆட்டுப்பட்டியில் குடற்புழு மருந்து சிந்திக் கிடக்கும் இடத்தில் வேலை செய்யும் நாய்க்கு இது சின்ன விஷயமில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் கேட்க வந்ததைக் கேட்டார்: தந்தை ஆடு மேய்ப்பதைப் பார்க்க முடியுமா? பக்கத்துப் பண்ணையில் மேய்த்துக்கொண்டிருந்தது. முக்கால் மணிநேரம் வேலியோரம் நின்று பார்த்தார். ஆட்டை முறைத்தே அடக்குகிற நாய் அவருக்கு வேண்டாம், அந்த முறைப்பு குட்டிக்கு வந்தால் முயல் தப்பிவிடும். முன்வந்து நெருங்கும், கூப்பிட்டால் அந்த நொடியே விட்டுத் திரும்பும் நாய் வேண்டும். அவர் எடுத்தது கறுப்பும் வெள்ளையுமான, சொல்லிக்கொள்ள அழகு ஏதுமில்லாத ஒரு பெட்டைக் குட்டி. முதல் வருடம் முழுக்க ஆடு, கோழி, ஃபெரட் மூன்றையும் தொடக் கூடாது என்று பழக்குவார். இரண்டாவது குளிர்காலத்தில்தான் முயல். அவசரப்பட்டு ஓடவிட்டு மனம் சலித்துப்போன கோலிக் கலப்பு, பிறகு ஓடவே ஓடாது என்றார் பெரியவர்.

லர்ச்சருக்கு ஊரில் நல்ல பெயர் இல்லை, அது எனக்கு வருத்தம். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் ரிச்சர்டு காலத்துச் சட்டம், ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானமுள்ள நிலம் இல்லாதவர் கிரேஹவுண்ட் வைத்திருப்பதைத் தடுத்தது. அன்றிலிருந்து கலப்பு நாய் ஏழையின் நாய், ஆகவே திருட்டு வேட்டைக்காரனின் நாய் என்று பேச்சு. 2004-ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டத்துக்குப் பிறகு வளையில் வாழும் இந்தக் குழிமுயலையும் எலியையும் மட்டும், நிலத்துக்காரர் அனுமதியோடு நாய்விட்டுப் பிடிக்கலாம். வேறு இனமான பெரிய வயல்முயலை நாய்விட்டுத் துரத்துவது குற்றம். பந்தயம் கட்டி அதையே செய்யும் கும்பல்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களால் பெரியவருடைய வண்டியையும் காவலர்கள் அடிக்கடி நிறுத்துகிறார்கள். ஒவ்வொரு பண்ணையின் அனுமதிக் கடிதத்தையும் உறைபோட்டு வண்டியில் வைத்திருக்கிறார்.

வேலையும் குறைந்து வருகிறது. 1953-இல் வந்த மிக்ஸோமடோசிஸ் என்னும் நோய் முயல்களைக் கொன்று குவித்தது. தொண்ணூறுகளிலிருந்து ரத்தப்போக்கு நோய். பிரெக்லாந்தின் புல்தரைகளை முயல் மேய்ந்து குட்டையாக வைத்திருந்ததால்தான் அரிய சிறு செடிகள் பிழைத்தன. இப்போது இயற்கைக் காப்பாளர்கள் அங்கே சுள்ளிக் குவியல் போட்டு முயலைத் திரும்ப அழைக்கிறார்கள். அந்தத் தரைகளில் இவர் வலை விரிப்பதில்லை. பயிர் அழியும் வயலில் மட்டும். எந்த வேலியில் பிடிப்பது, எதில் விடுவது என்று தெரிந்தவர் அவர். வளைக்குள் செலுத்தும் நஞ்சுப்புகைக்கு அந்த அறிவு கிடையாது.

இங்கிலாந்தில் இருந்துகொண்டு இப்படி ஒரு குட்டி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். 2020 ஏப்ரல் முதல், வணிகமாக விற்பவர் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியைத் தன்னிடமே ஈன்றதாக இருந்தால் மட்டுமே விற்கலாம்; தாயோடு சேர்த்துக் காட்ட வேண்டும். தாயைப் பாருங்கள். தந்தையை, அது வேலை செய்யும் இடத்தில் பாருங்கள். காட்ட மறுத்தால் வாங்காதீர்கள். கொடுக்க வேலை இல்லையென்றால் பாதிக் கோலியை வளர்க்க ஆசைப்படாதீர்கள். பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்டுகள் காப்பகங்களில் காத்திருக்கின்றன. அவற்றுக்கு ஒரு மெத்தையும் நாளுக்கு இரண்டு நடையும் போதும்.