கடலோரம் நடந்தேன் – 7: சாண் தண்ணீர்

சென்ற வாரம் அகஸ்தியன்பள்ளியில், உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூணடியில் விட்டேன். அங்கிருந்து தெற்கே பஸ் ஏறினால் முதலில் உப்பளம், பிறகு கோடியக்காடு, அப்புறம் கோடியக்கரை. சாலையும் நிலமும் அங்கே முடிந்துவிடுகின்றன. 1967-இல் சரணாலயமான இடம். 2002-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

தை பிறந்து நாலு நாள். குளிர்காலத்தில் பறவை குவியும் என்று கேட்டுக் கேட்டு வந்தவனுக்கு முதல் நாள் காணக் கிடைத்தது தண்ணீர்தான். வெகுதொலைவில் வெளிர்சிவப்பாக ஒரு கோடு. பைனாகுலரில் பார்த்தால் பூநாரைக் கூட்டம். கரையோரம் தேடித் தேடிப் பார்த்தேன்; ஓர் உள்ளான்கூட இல்லை.

கூட வந்த காவலர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"மழைத் தண்ணி இன்னும் வத்தலண்ணே. பூநாரைக்குக் கால் நீளம், நிக்கும். உள்ளானுக்குக் கால் எவ்வளவு? விரல் நீளம். சேறு தெரியிற எடத்துக்குத்தான் அது போவும். காலையில வாங்க, வேற பக்கம் போவோம்."

சதுப்பு எனக்குப் புரிந்தது அப்போதுதான். அது காலளவு பார்த்து இலை போடும் பந்தி. ஆழத்தில் பூநாரை. அதற்கு இப்பால் சிவந்த குச்சிக் காலோடு நெடுங்கால் உள்ளான். கணுக்கால் நீரில் பவளக்காலி. ஈரச் சேற்றில் கொசு உள்ளான். தண்ணீர் ஒரு சாண் ஏறினால் கடைசி வரிசைக்கு இலை இல்லை. மழையே பொய்த்தாலோ உப்பு ஏறிப் புழுவும் பூச்சியும் செத்துப்போகும், பந்தியே கிடையாது.

மறுநாள் 6 மணிக்கெல்லாம் நடந்தோம். வாடைக்காற்று சில்லென்று அடித்தது. பத்தடி போவதற்குள் கெண்டைக்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டேன். கல்கி, வந்தியத்தேவனைச் சேற்றில் மாட்டவைத்த ஊராயிற்றே! அவனை மீட்கப் பூங்குழலி வந்தாள். எனக்குக் காவலரின் மூங்கில் கழிதான் வாய்த்தது.

செருப்பைக் கழுவ உட்கார்ந்தபோது அதைப் பார்த்தேன். இங்கே திரியும் மட்டக்குதிரை ஒன்று பதித்துப்போன குளம்புத் தடம். அதில் உள்ளங்கையளவு தண்ணீர். அதன் விளிம்பில் ஒரு கொசு உள்ளான். தையல் மிஷின் ஊசிபோல் அலகு விடாமல் குத்துகிறது. நிறுத்துப் பார்த்தால் 25 கிராம் இருக்கலாம், ஒரு பிடி வேர்க்கடலை. சைபீரியாவின் வடகோடியில் பிறந்து, பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து, ஒரு குதிரைத் தடத்தில் காலை உணவு! நிமிர்ந்தால் சேறு முழுக்க அதன் சொந்தங்கள். வளைமூக்கு உள்ளான்களும் கலந்து ஓடிக்கொண்டிருந்தன.

இவற்றின் காலில் அலுமினிய வளையம் மாட்டிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாண்டுகள் இங்கே ஆராய்ந்திருக்கிறார்கள். ஊர் திரும்பும் முன் உள்ளான்கள் கொழுப்பேறிக் கனத்துவிடும். வழிச்செலவு அந்தக் கொழுப்புதான். அதைச் சேர்க்கும் இடம் இந்தச் சேறு.

திடீரென்று வாத்துக்கூட்டம் கத்துவதுபோல் இரைச்சல். பூநாரைகள் எழும்பின. நிற்கும்போது வெளுத்துத் தெரிந்தவை, சிறகு விரித்ததும் செக்கச் சிவந்து, கருப்பு ஓரம் காட்டின. ஒரு சுற்றுச் சுற்றி, சற்றே தள்ளி இறங்கித் தலையைக் கவிழ்த்து மறுபடி நீரை அலசத் தொடங்கின.

திரும்பும் வழியில் காவலர் கழியை நீரில் ஊன்றி எடுத்தார். ஈரம் ஏறிய இடத்தில் கையை விரித்து வைத்தார். சரியாக ஒரு சாண்.

"இன்னும் நாலு விரக்கடை எறங்கணும்ணே. அப்ப வாங்க, நீங்க நேத்து நின்ன எடத்துலயே உள்ளான் மேயும்."

(அடுத்த வாரம்: முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகுப் பயணம்)