ஹேம்குண்ட் ஏற்றத்தில் சாமந்தியின் சொந்தக்காரி

ஆகஸ்ட் மாதத்தில் இப்படியும் குளிருமா! காங்கரியாவில் விடியற்காலை கம்பளியை விலக்கியதும் பற்கள் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டன. எங்கள் தருமபுரியில் இதே மாதம் மின்விசிறி நின்றால் தூக்கம் போய்விடும். இங்கே வாளித் தண்ணீரில் விரலை வைத்தால் வலி எலும்பு வரைக்கும் ஏறுகிறது. வெளியே சந்து முழுக்கக் கோவேறு கழுதைச் சாணம், நனைந்த மரங்களின் வாசம், பராத்தா சுடும் நெய்ப்புகை.

உத்தரகாண்டின் சமோலி மாவட்டத்தில், ஏறக்குறைய 3,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்த ஊர். தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அதாவது தமிழ்நாட்டின் உச்சிக்கும் மேலே நின்றுகொண்டு இஞ்சி டீ குடிக்கிறேன்! சீக்கியர்களின் புனிதத் தலமான ஹேம்குண்ட் சாகிப் போக இங்கிருந்து இன்னும் 6 கிலோமீட்டர் ஏற வேண்டும்.

பாதையெல்லாம் சீக்கிய யாத்ரீகர்கள். ‘வாஹே குரு’ என்று சொல்லிக்கொண்டே ஏறுகிறார்கள். ஒரு பாட்டியை மூங்கில் கூடையில் உட்காரவைத்து முதுகில் சுமந்துபோனார் ஒருவர். அவரோ மூச்சு வாங்காமல் நடக்கிறார். வெறுங்கையோடு போகும் நமக்குத்தான் பத்தடிக்கு ஒருதரம் நிற்கவேண்டியிருக்கிறது. முன்பின் தெரியாத ஓர் அம்மா என் உள்ளங்கையில் கற்கண்டை வைத்து அழுத்திவிட்டுப் போனார்.

ஓர் உயரத்துக்கு மேல் மரங்களே இல்லை. பாறை, புல், மூடுபனி. அங்கேதான் வழிகாட்டி கைநீட்டிக் காட்டினார்.

பிரம்மகமலம்! பாறை இடுக்கில், முழங்கால் உயரத்துக்குக் கூட்டமாக நின்றது. வெளிர்மஞ்சளில் பச்சை கலந்த, காகிதம்போல மெல்லிய மடல்கள் படகு படகாகக் குவிந்திருந்தன. குனிந்து முகர்ந்தால் தலைக்கேறும் காரமான வாசம். நான் இதழ் என்று நினைத்தவை இதழ்களே அல்ல. பூவைச் சுற்றி வளர்ந்த இலைச் செதில்கள். அசல் பூக்கள் உள்ளே, கருஊதாவில் பொடிப்பொடியாக நெருங்கிக் கிடக்கின்றன. ஓசூர்ப் பக்கம் ரோஜாவுக்குப் போடும் பசுமைக்குடில் இருக்கிறதே, அந்த வேலையைத்தான் இந்த மடல்கள் செய்கின்றன. வெளிச்சத்தை உள்ளே விடும், வெதுவெதுப்பை வெளியே விடாது, மழையையும் தடுக்கும். கோடையே சில வாரம்தான் நீடிக்கும் மலையில், அதற்குள் பூத்து விதைவிட வேறு வழி ஏது?

இது சூரியகாந்திக் குடும்பத்துச் செடி என்றால் நம்புவீர்களா? பாலக்கோட்டிலும் காரிமங்கலத்திலும் கூடைகூடையாய்ப் பறித்து ஆயுத பூஜைக்கு அனுப்புகிறோமே சாமந்தி, அதற்கு இது சொந்தம்! நம் வீட்டு மாடிகளில் ராத்திரி மலர்ந்து விடிவதற்குள் வாடும் ‘பிரம்மகமலம்’ வேறு. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கள்ளிச்செடி. உத்தரகாண்டின் மாநில மலர், இதோ இந்த மலைக்காரிதான்.

கார்வால் கிராமங்களில் நந்தாஷ்டமிக்கு நந்தாதேவிக்குச் சாத்த இந்தப் பூவைக் கொண்டுவரப் போகிறவர்கள் விரதமிருந்து, வெறுங்காலோடு மலையேறுவார்களாம். வழிகாட்டி சொன்னபோது என் கால் இரட்டைக் காலுறைக்குள்ளும் விறைத்துக் கிடந்தது. இந்தக் குளிரில் செருப்பில்லாமலா! அப்படிப் பயபக்தியோடு அளவாக எடுத்த காலத்தில் பூவுக்குக் கேடு வரவில்லை. காணிக்கைக்கும் மருந்துக்கும் கண்டபடி பறிக்கத் தொடங்கிய பிறகுதான் பல சரிவுகளில் அது அருகிவிட்டது.

உச்சியில் ஏரி. சுற்றிலும் ஏழு சிகரங்கள். குரு கோவிந்த் சிங் முற்பிறவியில் தவமிருந்த இடம் என்பது சீக்கியர்களின் நம்பிக்கை. அந்தப் பனித்தண்ணீரில் சிறுவர்கள்கூட முங்கி எழுகிறார்கள். பார்க்கும்போதே எனக்கு உடம்பு நடுங்கியது. குருத்வாராவில் எல்லோருக்கும் சுடச்சுடக் கிச்சடி, டீ. பக்கத்திலேயே லட்சுமணனுக்கு ஒரு கோயில். இரவு தங்க அனுமதி இல்லை. பிற்பகலில் இறங்கிவிட வேண்டும்.

காங்கரியாவுக்கு வருகிறவர்களில் பலர், 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பூக்கள் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். பிரம்மகமலத்தைக் கண்ணாரக் காண ஹேம்குண்ட் ஏற்றத்தையும் ஏற வேண்டும். ஆகஸ்ட் நல்ல மாதம். மழைக்கோட்டு அவசியம். பூவைத் தொடாமல் பாருங்கள்; கோயில் வாசலில் யாராவது விற்றாலும் வாங்காதீர்கள்.