நாலாம் பாரா

நமது கல்லூரியினின்று நீங்கிச் சட்டமும் பயின்று தேறியபின், வழக்காடும் வித்தை கைவந்ததென்றே யான் இறுமாந்திருந்தேன். கணவர் கட்டிய வீட்டினின்று தம்மை வெளியேற்றக் கோரும் பிராதுடன் வந்த மூதாட்டி ஒருவருக்கு எதிருரை வரையுமாறு என் சீனியர் பணித்தார். தீர்ப்புகளின் மேற்கோள் மலிய எட்டுப் பக்கம் எழுதினேன். கட்டுகளிடையே தலைநரைத்த குமாஸ்தா அதனைப் புரட்டிப் பார்த்து, “ஐயா, நாலாம் பாராவுக்கு மறுப்பு எங்கே?” என்றார்.

அவ்வம்மையார் வாதிக்கு வாடகை செலுத்திவந்தார் என்பதன்றோ அப்பாரா! குறிப்பாக மறுக்கப்படாத கூற்று ஒப்புக்கொள்ளப்பட்டதாகவே கொள்ளப்படும் என்பது 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 8ஆம் கட்டளையின் 5ஆம் விதி. அதனைப் பரீட்சையில் பிழையற எழுதியவனும் யானே.

மறுப்பைச் சேர்த்து முடித்தேன். மூதாட்டி ஒன்றும் வினவாது பக்கந்தோறும் பெருவிரல் பதித்தார்.