ஆற்றங்கரைக் கம்பத்தில் மூன்று இரவுகள்

"விருந்தினரை வீட்டில் தங்க வைத்து, சோறு போட்டு, அதற்குக் காசும் வாங்குவதா?" என் அம்மா உயிரோடு இருந்திருந்தால் இப்படித்தான் கேட்டிருப்பார். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பேச்சு புரியும். மாமன், மச்சான் என்று யார் வந்தாலும் முன்னறையை அவர்களுக்கு விட்டுவிட்டு, அடுப்படியில் பாயை விரித்துப் படுத்தவர்கள் நாம். கோழி வாங்கிய கடனை அடுத்த சம்பளத்தில் கடைக்காரரிடம் அடைப்போம். விருந்து வேறு, வியாபாரம் வேறு.

ஆனால் சபாவில், கினாபாத்தாங்கான் ஆற்றங்கரையில், விருந்தையே தொழிலாக வைத்துப் பிழைக்கும் ஒரு கம்பத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அதை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

என் மகள் சண்டக்கானில் ஆசிரியை வேலை பார்க்கிறாள். பள்ளி விடுமுறைக்கு என்னை அழைத்துக்கொண்டு, லகாட் டத்து போகும் சாலையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் காரை ஓட்டினாள். வழி நெடுகச் செம்பனை. இடப்பக்கமும் செம்பனை, வலப்பக்கமும் செம்பனை. "காட்டைப் பார்க்கத்தானே கூட்டி வந்தாய்? இதைத்தான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேனே!" என்றேன். அவள் சிரித்தாள். பத்து பூத்தே என்ற அந்த இடத்தில் ஆற்றுப் பாலம் வந்தது. அதன் பக்கத்தில்தான் கம்பம்.

அங்கே இருப்பவர்கள் ஓராங் சுங்கை, அதாவது ஆற்று மக்கள். அவர்கள் வீடுகளில் விருந்தினர் தங்கும் ஏற்பாட்டுக்கு 'மீசோ வாலாய்' என்று பெயர். ஒரே வீட்டில் கூடியிருப்பது என்று அவர்கள் மொழியில் பொருளாம். இப்போது நம் தாமான்களிலும் 'ஹோம்ஸ்டே' என்று பலகை தொங்குகிறது. அங்கே வீட்டுக்காரர் வேறு ஊரில் இருப்பார், சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும். அது வாடகை வீடு, அவ்வளவுதான். உண்மையான ஹோம்ஸ்டே என்றால் அந்தக் குடும்பத்தோடு இருந்து, அவர்கள் சமைத்ததை உண்ண வேண்டும். 1995-இல் பகாங் மாநிலத்துத் தெமர்லோவில், டேசா மூர்னி கம்பங்களில் அரசாங்கம் தொடங்கி வைத்த திட்டமும் இதுதான்.

எங்களுக்குக் கிடைத்த வீட்டு மாக்சிக்குக்கு என் வயதிருக்கும். மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம் என்று முன்பே சொல்லியிருந்தோம். அதற்காகப் புதுச் சட்டி ஒன்றைத் தனியே எடுத்து வைத்திருந்தார் அந்த அம்மாள். ஆற்று இறாலை மஞ்சள் போட்டுப் பொரித்திருந்தார். நான் கொண்டு போன ஊறுகாயைக் கொடுத்தேன். அதைச் சோற்றில் பிசைந்து உண்டு, கண்ணில் நீர் வர, "செடாப்! செடாப்!" என்றார். சமையலறையில் இரண்டு பெண்கள் சேர்ந்துவிட்டால் பேச்சுக்கா பஞ்சம்?

இரண்டாம் நாள் அந்த அம்மாள் கையில் நூறு வெள்ளியை வைத்தேன். பேரப் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கட்டுமே என்றுதான். வாங்க மறுத்துவிட்டார். "அலுவலகத்தில் கட்டுங்கள். கையில் வாங்கினால் கணக்குக் கெட்டுவிடும்" என்றார்.

அப்போதுதான் விசாரித்தேன். விருந்தினர் இன்னார் வீட்டுக்குத்தான் போவேன் என்று கேட்டுப் போக முடியாது. முறைப்படி அனுப்புகிறார்கள். இந்த வாரம் இந்த வீடு, அடுத்து அந்த வீடு. வாசலில் பெரிய கார் நிற்கும் வீட்டுக்கும் ஒரே முறைதான், விதவை ஒருத்தியின் பலகை வீட்டுக்கும் ஒரே முறைதான். பணம் சங்கத்துக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்காரருக்கும், படகோட்டிக்கும், வழிகாட்டிக்கும் பங்காகிறது. ஒரு பகுதி சங்கத்திலேயே நிற்கிறது. "முறை இல்லையென்றால் பணம் வருவதற்கு முன்னே சண்டை வந்துவிடும்" என்றார் மாக்சிக். நம் கோயில் கமிட்டிகளைப் பார்த்த நான் இதை மறுக்க முடியுமா?

இது ஒரே நாளில் வந்ததல்ல. அந்தக் கம்பத்து ஆண்களில் பலர் ஒரு காலத்தில் மரம் வெட்டப் போனவர்கள். வெட்ட வெட்டக் காடு தேய்ந்தது, காலியான நிலம் செம்பனைக்குப் போனது. ஆற்றோரம் மிஞ்சியது ஒரு துண்டுக் காடு. நீள மூக்குக் குரங்கும், ஓராங் ஊத்தானும், குட்டையான சபா யானையும் அந்தத் துண்டில்தான் ஒண்டிக்கொண்டிருக்கின்றன. 1997-இல், உலக வனவிலங்கு நிதியத்தின் துணையோடு, கம்பத்து இளைஞர்கள் 'மெஸ்காட்' என்ற குழுவாகக் கூடினார்கள். காட்டை அழிக்காமலே பிழைக்க வழி உண்டா என்று யோசித்தார்கள். 2003-இல் அது 'கோப்பெல்' என்ற கூட்டுறவுச் சங்கமாகப் பதிவானது.

மறுநாள் துங்கோக் ஏரிக்குப் போனோம். ஒரு சமயம் சல்வீனியா என்ற நீர்க்களை அந்த ஏரியை மூடிவிட்டதாம். ஆட்கள் இறங்கி வாரி எடுத்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த இளைஞர்கள் காசும் கட்டி, சேற்றில் நின்று கன்றும் நடுகிறார்கள்! நட்டால் போதாது. புல் மூடிவிடாமல் திரும்பத் திரும்ப வெட்டிவிட வேண்டும், அதற்குச் சம்பளம் உண்டு. மாக்சிக்கின் தங்கைக்கு அதுதான் வேலை. பராங் கத்தியை அவர் பிடித்த பிடியைப் பார்த்ததும், நாற்றுமேட்டில் புல் வெட்டிய என் பெரியம்மாவின் கை நினைவுக்கு வந்தது.

எல்லாம் இனிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. 2022 ஏப்ரல் முதல் நாள்தான் நாட்டின் எல்லை வெளிநாட்டுப் பயணிகளுக்கு முழுதாகத் திறந்தது. அந்த இரண்டு வருடங்களை எப்படிக் கடந்தீர்கள் என்று கேட்டேன். மாக்சிக் ஆற்றைக் காட்டினார். மீன் இருந்தது, தோட்டத்தில் மரவள்ளி இருந்தது, மகன் செம்பனை ஆலைக்கு வேலைக்குப் போனான். விருந்தினரை மட்டும் நம்பியிருந்தால் பட்டினிதான் என்றார். இந்தத் தொழில் பக்கத்து அடுப்பாக இருக்கலாம், அதுவே குடும்பத்தின் ஒரே அடுப்பாக ஆகிவிடக் கூடாது என்பது என் எண்ணமும்.

திரும்பும்போது காரில் நான் அதிகம் பேசவில்லை. சங்கம், பங்கு என்பதெல்லாம் நமக்குப் புதிதா என்ன? தோட்டத் துண்டாடலில் நம் மக்கள் வீதிக்கு வந்தபோது, 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு சேர்த்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். பால் மரம் வெட்டியவர்களின் காசில் தோட்டமே வாங்கிய வரலாறு நமக்கு உண்டு.

ஆனால் ஒரு வித்தியாசம் என்னை உறுத்துகிறது. மாக்சிக்கின் வீடு அவருடையது. விருந்தினரை அழைக்க யார் அனுமதியும் வேண்டாம். நாம் பிறந்த லயத்து வீடு நிர்வாகத்துடையது. வேலை போனால் வீடும் போகும். எங்கள் தோட்டம் விற்கப்பட்டபோது அம்மா கறிவேப்பிலைக் கன்றை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்தார். சொந்த வீடு இல்லாதவள் எந்த வாசலில் நின்று "வாங்க" என்று சொல்வாள்?

இருந்தாலும் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் இன்னும் நிற்கிறது. திருவிழாவுக்கு நாலாப் பக்கமிருந்தும் பிள்ளைகள் குடும்பத்தோடு வருகிறார்கள், இரவு தங்கப் பட்டணத்து ஓட்டலுக்குப் போகிறார்கள். தோட்டத்தை விட்டு வந்து, கோயிலுக்குப் பக்கத்துத் தாமானில் சொந்த வீடு வாங்கியவர்கள் பதினோரு குடும்பம் இருக்கிறோம். என்னைத் தவிர நான்கு பெண்கள் சம்மதம் என்று சொல்லிவிட்டார்கள். ஒருத்தி மட்டும், "சொந்தக்காரங்ககிட்ட காசு வாங்கவா, அக்கா?" என்று என் அம்மாவைப் போலவே கேட்கிறாள். அவளுக்குச் சொல்ல இன்னும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. முறைச் சீட்டு எழுதும் விதத்தை மட்டும் மாக்சிக்கிடம் கேட்டு ஒரு தாளில் குறித்து வந்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு கோயில் மண்டபத்தில் கூடுகிறோம்.