ஒரே வீட்டில் இரண்டு குற்றங்கள்

அந்தப் பெண்ணின் விலை அறுபதாயிரம் ரூபாய். குற்றப்பத்திரிகையிலேயே அந்தத் தொகை இருந்தது.

அசாமில் பிரம்மபுத்திரா கரையை அரித்து வயல்களை விழுங்கிவிட்ட ஒரு கிராமத்தில் பிறந்தவள். 2013 கடைசியில், டில்லியில் வீட்டு வேலை என்று சொல்லி ஊர்க்காரர் ஒருவரே ரயிலேற்றி அழைத்து வந்தார். இறங்கிய சில நாட்களில், ஹரியானாவின் ஒரு விவசாயக் குடும்பத்தில், நாற்பதை நெருங்கிய ஒருவருக்கு மாலை மாற்றி வைத்துவிட்டார்கள். இப்படி விலைக்கு வந்தவர்களை அங்கே ‘மோல்கி’ என்கிறார்கள். தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

முதல் குழந்தை பெண். மறுபடி கருவுற்றபோது மாமியாரும் கொழுந்தனும் காரில் ஏற்றி, மாநில எல்லைக்கு அப்பால் ஒரு ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அவளிடம் ஒருவரும் பேசவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்று மாமியார் சொன்னதும் புரிந்துவிட்டது. அன்றிரவே கைக்குழந்தையோடு வெளியேறி, ரயில் நிலையத்துப் போலீஸிடம் போய் நின்றாள்.

நான் டில்லியில் தொழில் செய்கிறேன். 2018இல், சாட்சி விசாரணை நடந்துகொண்டிருந்த கட்டத்தில், அரசு வழக்கறிஞருக்குத் துணையாக அவள் சார்பில் ஆஜரானேன். எதிர்த்தரப்பின் வாதம் எளிமையானது: பெண்ணுக்கு அப்போதே இருபது வயது, கல்யாணம் நடந்திருக்கிறது, இது குடும்பத் தகராறு. ஆகவே வழக்கு முழுவதும் வயதில் வந்து நின்றது. ஆள் கடத்தலுக்கு அன்றிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவில், கடத்தப்பட்டவர் பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் தண்டனை குறைந்தது பத்து வருஷம். பிறப்புச் சான்றிதழ் அவளிடம் இல்லை. அவள் படித்த ஆரம்பப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டை வரவழைத்தோம். வெள்ளத்தில் நனைந்து காய்ந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. எழுத்தர் விரல் நுனியால் ஒவ்வொன்றாகப் பிரித்தார். அவள் பெயர் இருந்த வரியில் பாதி மை கரைந்திருந்தது. பிறந்த தேதி கரையவில்லை. மாலை மாற்றியபோது அவளுக்குப் பதினாறு.

2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் 12ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஏமாற்றி அழைத்துவரப்பட்ட, திருமணத்துக்காக விற்கப்பட்ட சிறுமியின் திருமணம் அடியோடு செல்லாது என்கிறது அது. வக்கீல்களே அதிகம் புரட்டாத பிரிவு. திருமணம் செல்லாது என்றால், கணவன் என்ற கவசமும் அந்த மனிதருக்கு இல்லை. நீதிபதி ஏற்றுக்கொண்டார். வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: “தீதி, அப்படியானால் என் மகளை யாருடைய பெண் என்று எழுதுவார்கள்?” அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவுப்படி, திருமணம் எப்படியிருந்தாலும் குழந்தைக்குத் தகப்பன் ஜீவனாம்சம் தந்தே ஆக வேண்டும் என்று விளக்கினேன். அவள் கேட்டது பணத்தைப் பற்றி அல்ல என்பது எனக்கும் தெரியும்.

எதிர்த்தரப்புச் சாட்சியாக ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். உள்ளூரில் பெண் பார்க்கவில்லையா என்று கேட்டதற்கு, “எங்கே ஐயா இருக்கிறார்கள் பெண்கள்?” என்றார். தன் தெருவில் முப்பது தாண்டியும் கல்யாணமாகாத ஆண்களை விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனபோது நீதிபதி போதும் என்றார். அந்த விசாரணையில் நான் கேட்ட மிக உண்மையான சாட்சியம் அது.

2001 கணக்கெடுப்பில் ஹரியானாவில் ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 819 பெண் குழந்தைகளே இருந்தார்கள். அந்தச் சிறுவர்கள்தான் இன்று பெண் தேடி நிற்கும் இளைஞர்கள். 1994இல் மத்திய அரசு கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடை செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் ஹரியானாவின் பஞ்சாயத்துச் சட்டம், இரண்டு பிள்ளைகளுக்கு மேல் பெற்றவர் தேர்தலில் நிற்கக்கூடாது என்றது. 2003இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. மகன் வேண்டும் என்று தவிக்கிற ஊரில், இருப்பதே இரண்டு வாய்ப்பு என்றால் இரண்டாவது கரு என்ன பாடுபடும்? பிற்பாடு அந்த விதியை அரசே நீக்கியது. பிறக்காமல் போனவர்களுக்கு அதனால் என்ன பயன்?

2019இல் தீர்ப்பு வந்தது. தரகருக்கும் வாங்கியவருக்கும் பத்துப் பத்து வருஷம். மாமியார்மீதும் ஸ்கேன் சென்டர்மீதும் வழக்கே இல்லை. மாறாக நிரூபிக்கப்படாதவரை, பெண்ணைக் கணவனோ உறவினரோதான் ஸ்கேனுக்குக் கட்டாயப்படுத்தினார்கள் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று பாலினக் கண்டறிதலைத் தடை செய்த அந்த 1994 மத்தியச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. அவ்வளவு வலுவான பிரிவைப் பயன்படுத்த வழியில்லை. அந்தச் சட்டத்தில் போலீஸின் குற்றப்பத்திரிகையை வைத்து நீதிமன்றம் வழக்கை எடுக்காது. மாவட்டத்தின் உரிய அதிகாரியோ, அவருக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்த ஒருவரோ புகார் தர வேண்டும். யாரும் தரவில்லை. ஸ்கேன் எடுத்த கர்ப்பிணியின் விவரம் எழுதும் படிவம் எஃப்பை சென்டர் இரண்டு வருஷம் வைத்திருந்தால் போதும். நான் கட்டைப் பிரித்தபோது அந்தக் கெடு தாண்டியிருந்தது. வீட்டுக்குள் ஒரு பெண்ணை விலைக்கு வாங்கியதற்குத் தண்டனை கிடைத்தது. அவள் வயிற்றில் இருந்த பெண்ணை அழிக்கப் பார்த்ததற்கு ஒன்றுமில்லை. ஆனால் இரண்டாவதுதான் முதலாவதைப் பெற்றுப்போடுகிறது.

பெண் சிசுக்கொலையில் உசிலம்பட்டியையும் சேலத்தையும் கண்ட நமக்கு இது அயல்நாட்டுச் செய்தியல்ல. உங்கள் பக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டர் ஆணா பெண்ணா என்று சொல்கிறது எனத் தெரிந்தால், உரிய அதிகாரிக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். பதினைந்து நாள் கழித்து அதே 1994 சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி நீங்களே நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யலாம். படிவம் சென்டரின் கையில் இருக்கும்போதே, இரண்டு வருஷத்துக்குள் செய்யுங்கள்.